ஆற்றுநீர் மாசும் நன்னீர் மீன்களும்

ஓர் ஆற்றின் நீரோ ஏரியின் நீரோ கெட்டுவிட்டது என்பதைப் பெரும்பாலும் முதலில் அறிவிப்பவை மீன்களே. மனிதன் கெட்ட நீரைத் தவிர்த்து வேறொரு கிணற்றை நாடலாம். காய்ச்சியும் வடிகட்டியும் பருகலாம். மீனுக்கு இவ்வாய்ப்பு இல்லை. அது உண்பதும், சுவாசிப்பதும், முட்டையிடுவதும், குஞ்சுகள் வளர்வதும் ஒரே நீரில்தான். ஆகவே நீரில் ஏற்படும் மாறுதல் எதுவாயினும் அது மீனின் உடலில் உடனே பதிகிறது.

இது மீனைப் பற்றிய கவலை மட்டுமன்று. 2022-23-ம் ஆண்டில் நம் நாட்டின் மொத்த மீன் உற்பத்தி சுமார் 175 லட்சம் டன். அதில் ஏறக்குறைய 131 லட்சம் டன், அதாவது நான்கில் மூன்று பங்கு, உள்நாட்டு நீர்நிலைகளிலிருந்து கிடைத்தது. ஆறுகளையும், ஏரிகளையும், நீர்த்தேக்கங்களையும் நம்பி வாழும் மீனவர்களின் பிழைப்பும், மலிவான புரத உணவுக்கு நன்னீர் மீனையே சார்ந்திருக்கும் மக்களின் நலமும் இந்நீரின் தூய்மையைப் பொறுத்தவை. நீர் மாசுறுவதால் மீனுக்கு என்ன நேர்கிறது, அதை எவ்வாறு கண்டறிவது என்பவற்றைக் கள ஊழியர்களும் ஆசிரியர்களும் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

நீரில் கரைந்த பிராணவாயு

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு உள்ளது. ஒரு லிட்டர் காற்றில் அதன் எடை சுமார் 270 மில்லிகிராம். ஆனால் 25 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணநிலையில் ஒரு லிட்டர் தூய நீரில் கரையக்கூடிய பிராணவாயு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல், அவ்வளவே. அதாவது, தரைவாழ் உயிர்களுக்குக் கிட்டும் பிராணவாயுவில் முப்பதில் ஒரு பங்கைக் கொண்டே மீன் வாழ்க்கை நடத்துகிறது. இந்தச் சிறிய இருப்பில் ஒரு பகுதி குறைந்தாலும் அது மீனுக்குப் பெரும் நெருக்கடியாகிறது.

உஷ்ணநிலை உயர உயர, நீரில் கரையும் பிராணவாயுவின் அளவு குறைகிறது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான் கரையும். இதற்கு நேர்மாறாக, நீர் சூடேறும்போது மீனின் உடலியக்கம் விரைவுபட்டு, அதற்கு வேண்டிய பிராணவாயுவின் அளவு மிகுகிறது. இருப்புக் குறையும் காலத்திலேயே தேவை பெருகுவதால், கோடைக்காலத்தில் ஆற்றில் நீர் வற்றி வெப்பம் ஏறும் நாள்கள் மீன்களுக்கு மிகவும் ஆபத்தானவை. அதே அளவு கழிவு மழைக்காலத்தில் கேடின்றிக் கரைந்து போகலாம். சித்திரை வைகாசியில் அதுவே மீன்களை மாய்த்துவிடலாம்.

கெண்டை இன மீன்கள் நன்கு வளர்வதற்கு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாத பிராணவாயு வேண்டும். 3 மில்லிகிராமுக்குக் கீழே சென்றால் அவை இரை எடுப்பதை நிறுத்தி, நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திணறத் தொடங்கும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மீன்வளத்துக்கு உரிய நீர் இன்ன தன்மை உடையதாக இருக்க வேண்டும் என்று வகுத்துள்ளது: கரைந்த பிராணவாயு லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையலாகாது, அமில காரநிலை எண் (பி.எச்.) 6.5-க்கும் 8.5-க்கும் இடையே இருக்க வேண்டும். விடுபட்ட அம்மோனியா, நைட்ரஜன் கணக்கில், 1.2 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது.

கழிவு எவ்வாறு மூச்சை அடைக்கிறது

சாக்கடை நீரில் நஞ்சு இல்லாவிட்டாலும் அது மீனைக் கொல்லக்கூடும். மலம், உணவுக் கழிவு, ஆலைகளின் சர்க்கரைப் பாகு, மரக்கூழ் ஆகிய அங்ககப் பொருள்கள் நீரில் கலந்ததும் பாக்டீரியாக்கள் அவற்றை உண்டு பல்கிப் பெருகுகின்றன. அவையும் சுவாசிக்க வேண்டும் அல்லவா? நீரிலுள்ள பிராணவாயுவை மீனுக்கு முன்பே அவை எடுத்துக்கொள்கின்றன. குறிப்பிட்ட நாள்களில் ஒரு லிட்டர் கழிவு இவ்வாறு எவ்வளவு பிராணவாயுவை உட்கொள்ளும் என்பதே 'உயிர்வேதிப் பிராணவாயுத் தேவை' எனப்படும் அளவாகும். சுத்திகரிக்கப்படாத நகரச் சாக்கடைக்கு இது பொதுவாக 200 முதல் 300 மில்லிகிராம் வரை உள்ளது. சாராய வடிப்பாலைகளின் கழிவு நீரிலோ 40,000 மில்லிகிராமையும் தாண்டுவதுண்டு. ஆறு, ஏரிகளில் விடப்படும் கழிவுக்கு நம் நாட்டில் பொதுவாக அனுமதிக்கப்பட்ட வரம்பு 30 மில்லிகிராம். வடிப்பாலைக் கழிவைச் சுத்திகரிக்காமல் ஒரு சிறு ஓடையில் விட்டால் என்ன ஆகும் என்பதை இவ்வெண்களைக் கொண்டே ஊகித்தறியலாம்.

கழிவு கலக்கும் இடத்திலேயே பிராணவாயு மிகக் குறைந்திருக்கும் என்று பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. பாக்டீரியாக்கள் பெருகி வேலை செய்வதற்குக் காலம் பிடிக்கும். அதற்குள் நீர் ஓடிவிடுகிறது. ஆகவே பிராணவாயுவின் அளவு கழிவு கலக்கும் இடத்துக்குச் சில கிலோமீட்டர் கீழே சென்று தாழ்ந்த நிலையை அடைந்து, பின்னர் காற்றிலிருந்து பிராணவாயு கரைவதால் படிப்படியாக உயர்கிறது. 1925-ம் ஆண்டில் அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றை ஆராய்ந்த ஸ்ட்ரீட்டர், பெல்ப்ஸ் ஆகிய இருவரும் இவ்வீழ்ச்சியைக் கணித வாயிலாக விளக்கினர். மீன்கள் மடிந்த இடம் ஒன்றாகவும், கழிவு கலந்த இடம் வேறாகவும் இருப்பதற்குக் காரணம் இதுவே. மீன் மடிந்த துறையில் மட்டும் நீர் எடுத்துச் சோதிக்கும் ஊழியர் குற்றத்தின் தோற்றுவாயைக் காணாமலே திரும்பிவிட நேரும்.

தேங்கிய ஏரிகளிலும் குளங்களிலும் கேடு வேறு வழியில் வருகிறது. சாக்கடையிலும் வயலிலிருந்து வடியும் உரநீரிலும் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிக்கு உணவாகின்றன. நீர் பச்சைக் குழம்பாகிறது. பகலில் பாசி ஒளிச்சேர்க்கையால் பிராணவாயுவை வெளியிடும். இரவிலோ பாசியும் சுவாசிக்க மட்டுமே செய்யும். எனவே பிராணவாயு மிகக் குறைந்திருக்கும் நேரம் விடியற்காலை. நண்பகலில் சோதித்து 'நீர் நன்றாக உள்ளது' என்று எழுதப்படும் குறிப்பு இத்தகைய குளங்களில் பெரிதும் ஏமாற்றக்கூடியது.

காற்றைச் சுவாசிக்கும் துணை உறுப்புகளைப் பெற்ற விரால், தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவை பிராணவாயு குன்றிய நீரிலும் மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கி உயிர் வாழும். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகளுக்கு இவ்வசதி இல்லை. இந்த வேறுபாடு கள ஊழியருக்கு நல்லதொரு துப்பு ஆகும்.

செவுளும் நஞ்சும்

மீனின் செவுள் மிக மெல்லிய தகடுகள் பலவற்றால் ஆனது. இரத்தத்தையும் நீரையும் பிரித்து நிற்கும் சவ்வு மெல்லியதாக இருப்பதால்தான் நீரிலுள்ள சொற்ப பிராணவாயுவும் உடலினுள் புக முடிகிறது. அதே காரணத்தால் நீரிலுள்ள நஞ்சும் எளிதில் புகுந்துவிடுகிறது. செவுள் சுவாச உறுப்பு மட்டுமன்று; உடலில் உப்பின் அளவைக் காப்பதும், அம்மோனியாக் கழிவை வெளியேற்றுவதும் அதன் வேலைகளே. செவுள் கெட்டால் இம்மூன்றும் ஒருங்கே கெடும்.

துத்தநாகம், தாமிரம் போன்ற உலோகங்களின் உப்புக்கள் மிகுந்த அளவில் கலந்தால், செவுளின்மேல் சளி மிகுதியாகச் சுரந்து படிகிறது. நீரில் பிராணவாயு போதிய அளவு இருந்தும் மீன் மூச்சடைத்து மடிகிறது. சுரங்க மண்ணும் ஆற்று மணல் அள்ளுவதால் கலங்கும் வண்டலும் செவுள்களில் படிந்து எரிச்சலூட்டுவதோடு, ஆற்றின் அடியில் கூழாங்கற்களுக்கிடையே இடப்படும் முட்டைகளையும் மூடிவிடுகின்றன.

அம்மோனியாவின் தன்மை தனிக் கவனத்துக்குரியது. நீரில் அது இரு வடிவங்களில் இருக்கும். அயனி வடிவம் அவ்வளவு கெடுதல் செய்யாது. அயனியாகாத வடிவமே கடும் நஞ்சு. எவ்வடிவம் எவ்வளவு இருக்கும் என்பதைப் பி.எச். எண் தீர்மானிக்கிறது. 25 டிகிரி உஷ்ணநிலையில் பி.எச். 7 ஆக இருந்தால், மொத்த அம்மோனியாவில் 100-க்கு ஒன்றுக்கும் குறைவான பங்கே நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8-ல் அது சுமார் 5 பங்கு. 9-ல் 36 பங்கு. பச்சைப் பாசி நிறைந்த குளத்தில் பிற்பகலில் பி.எச். எண் 9-ஐ எட்டுவதுண்டு. காலையில் கேடற்றிருந்த அதே நீர், ஒரு துளிக் கழிவும் புதிதாகச் சேராமலே மாலையில் நஞ்சாக மாறிவிடும்.

பிராணவாயு முற்றிலும் அற்ற அடிச்சேற்றில் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் அழுகிய முட்டை நாற்றமுடைய வாயு உண்டாகிறது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் நூறில் சில பங்கே பல மீன்களைக் கொல்லப் போதுமானது.

பூச்சிக்கொல்லிகள் இன்னும் நுண்ணிய அளவிலேயே வேலை செய்கின்றன. எண்டோசல்பான் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவிலேயே மீன்களைக் கொல்லும். 2011-ம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் ஆணையால் அது நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. அங்கக பாஸ்பரஸ் மருந்துகள் நரம்பிலுள்ள அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் என்னும் என்ஸைமைச் செயலறச் செய்து, வலிப்பை உண்டாக்குகின்றன. கால்நடைகளுக்கும் மனிதருக்கும் ஒப்புநோக்கக் குறைந்த கேடு செய்வதாகக் கருதப்படும் பைரித்ராய்டு மருந்துகளும் மீனுக்கு மிகக் கொடியவை. மருந்து தெளித்த கருவியை வாய்க்காலில் கழுவும் வழக்கத்தைக் கைவிடுமாறு விவசாயிகளுக்கு எடுத்துரைப்பது விரிவாக்க ஊழியரின் கடமைகளுள் ஒன்று.

கொல்லாமல் கெடுக்கும் மாசு

மடிந்து மிதக்கும் மீனை எல்லோரும் காண்பர். மடியாமல் நலிந்துகொண்டிருக்கும் மீனை எவரும் காண்பதில்லை. ஆனால் நாட்டின் மீன்வளத்துக்கு இரண்டாவது கேடே பெரிது. நஞ்சின் அளவு கொல்வதற்குப் போதாதபோது மீன் மெதுவாக வளர்கிறது. நோய் எளிதில் பற்றுகிறது. முட்டைகளின் எண்ணிக்கை குறைகிறது. குஞ்சுகள் ஊனமுற்றுப் பிறக்கின்றன. வளர்ந்த மீன் தாங்கும் அளவை முட்டையும் இளங்குஞ்சும் தாங்கா. ஆகவே ஓர் ஆற்றில் பெரிய மீன்கள் உலவுவதைக் கண்டு அது நலமாக உள்ளது என்று முடிவு கட்டலாகாது. இவ்வாண்டுக் குஞ்சுகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பிரிட்டனின் ஆறுகளில் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கீழே வாழ்ந்த 'ரோச்' என்னும் மீனின் ஆண்களில் பெண் தன்மையான உறுப்பு மாறுதல்கள் 1990-களில் கண்டறியப்பட்டன. கழிவிலிருந்த ஹார்மோன் போன்ற பொருள்களே அதற்குக் காரணம் என்று ஆராய்ச்சிகள் காட்டின.

சில நஞ்சுகள் உடலைவிட்டு எளிதில் நீங்குவதில்லை. பாசியிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும், அதிலிருந்து பறவைக்கும் மனிதனுக்கும் ஏறும்போது அவற்றின் செறிவு பன்மடங்காகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள கிளியர் ஏரியில் சிறு பூச்சிகளை ஒழிப்பதற்காக 1949, 1954, 1957-ம் ஆண்டுகளில் டி.டி.டி. என்னும் மருந்தைக் கலந்தனர். 1954-ல் கலந்த அளவு ஐந்து கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்கே. ஆயினும் அவ்வேரியின் மீனைத் தின்ற முக்குளிப்பான் பறவைகள் கூட்டமாக மடிந்தன. அவற்றின் கொழுப்பில் பத்து லட்சம் பங்குக்கு 1,600 பங்கு மருந்து காணப்பட்டது. பாதரசமும் இவ்வாறே மீதைல் பாதரசமாக மாறி, உணவுச் சங்கிலியில் ஏறுகிறது. மாசுற்ற ஆற்றில் உயிரோடு பிடிபட்ட மீன் உண்ணத் தக்கது என்று சொல்லிவிட முடியாததற்குக் காரணம் இதுவாகும்.

பெரியாற்றில் நிகழ்ந்தது

கேரளத்தின் மிக நீளமான ஆறாகிய பெரியாறு 244 கிலோமீட்டர் ஓடிக் கொச்சிக்கருகே கடலோடு கலக்கிறது. அதன் கீழ்ப்பகுதியில் ஏலூர், எடையார் ஆகிய இடங்களில் 1940-கள் முதல் தொழிற்சாலைகள் எழுந்தன. கடல் உப்புநீர் மேலேறாமல் தடுக்கப் பாதாளம் என்னுமிடத்தில் மதகுகளுடன் கூடிய தடுப்புப் பாலம் உள்ளது. 2024-ம் ஆண்டு மே மாதம் 20-ம் தேதி இரவு, பலத்த மழையை ஒட்டி இம்மதகுகள் திறக்கப்பட்ட பின், கீழே வராப்புழை, கடமக்குடி, சேராநல்லூர்ப் பகுதிகளில் மீன்கள் பெருந்திரளாக மடிந்து மிதந்தன. ஆற்றில் கூண்டு அமைத்துக் கரிமீன், கொடுவா, திலாப்பியா வளர்த்தவர்கள் விற்பனைக்கு வைத்திருந்த மீன்களை ஓரிரவில் இழந்தனர். கூண்டுக்குள் அடைபட்ட மீனால் நல்ல நீரைத் தேடி ஓட இயலாது.

காரணம் பற்றி இரு கருத்துக்கள் எழுந்தன. தேங்கியிருந்த, பிராணவாயு குன்றிய நீர் திடீரெனக் கீழே பாய்ந்ததே காரணம் என்பது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கூற்று. நீரில் அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்பைடும் ஆபத்தான அளவில் இருந்தன என்பது கேரள மீன்வள, கடலாய்வுப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் முடிவு. இவ்விரண்டும் ஒன்றையொன்று முற்றிலும் விலக்குபவை அல்ல என்பதை விஞ்ஞானம் பயின்றோர் உணர்வர். தடுப்புக்கு மேலே தேங்கிய நீரின் அடியில் அங்ககக் கழிவு படிந்து பிராணவாயு தீர்ந்துவிட்டால், அவ்விரு நச்சுப் பொருள்களும் அங்கேயே உண்டாகக்கூடும். ஆனால் மீனவருக்கு முக்கியமான கேள்வி வேறு: அக்கழிவு அங்கு எவ்வாறு வந்து சேர்ந்தது, அதற்கு யார் பொறுப்பு? இழப்பீடு கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் அவ்விடையைப் பொறுத்தவை. அவ்விடைக்கு வேண்டிய சான்று ஓடும் நீரில் சில மணி நேரமே தங்கியிருக்கும்.

கள ஊழியர் கவனத்துக்கு

மீன்கள் மடிந்த செய்தி கிட்டியதும் விரைந்து செல்வதே முதற் கடமை. சென்றவுடன் நேரத்தையும், நீரின் உஷ்ணநிலையையும், நிறத்தையும், நாற்றத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். கரைந்த பிராணவாயுவையும் பி.எச். எண்ணையும் அவ்விடத்திலேயே அளக்க வேண்டும். புட்டியில் எடுத்துச் சென்று மறுநாள் அளப்பதால் பயனில்லை. மீன் மடிந்த இடம், அதற்குக் கீழே ஓரிடம், கழிவு கலக்குமிடத்துக்கு மேலே கேடுறாத ஓரிடம் ஆகிய மூன்றிலும் நீர் எடுத்தல் வேண்டும். மேலேயுள்ள நல்ல நீரின் மாதிரி இன்றேல், ஒப்பிடுவதற்கு அடிப்படையே இராது.

மடிந்த விதமே காரணத்தை ஓரளவு காட்டும். விடியற்காலையில், பெரிய மீன்கள் முதலில், வாய் திறந்து செவுள் விரிந்து மடிந்திருக்க, விராலும் தேளியும் உயிரோடிருந்தால் பிராணவாயுக் குறைவே காரணமாயிருத்தல் கூடும். எந்த நேரத்திலும், சிறியவை பெரியவை என்ற வேறுபாடின்றி அல்லது சிறியவை முதலில், வலிப்புடன் மடிந்து, இறால்களும் நீர்ப்பூச்சிகளும் உடன் மாண்டிருந்தால் பூச்சிமருந்தைச் சந்தேகிக்கலாம். செவுளும் இரத்தமும் பழுப்பு நிறமாயிருந்தால் நைட்ரைட்டைச் சோதிக்க வேண்டும். ஓரினம் மட்டும் பல நாள்களாகச் சிறிது சிறிதாக மடிந்து, உடலில் புண்கள் காணப்பட்டால் அது நோயாக இருக்கலாம். இவை யாவும் வழிகாட்டும் குறிகளே. முடிவு ஆய்வுக்கூடத்தில்தான் கிட்டும். சோதனைக்கு அழுகிய மீன் உதவாது. உயிர் போகும் தறுவாயிலுள்ள மீனைப் பனிக்கட்டியில் வைத்து அனுப்ப வேண்டும்.

ஒன்றை மறத்தலாகாது. 1974-ம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ம் பிரிவு, நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கத்தக்க கழிவு மாதிரியை எடுக்கும் முறையை வகுத்துள்ளது. அம்முறையில் மாதிரி எடுக்கும் அதிகாரம் மாநில வாரியத்துக்கும் அது அதிகாரமளித்த அலுவலருக்கும் உரியது. மீன்வள ஊழியர் எடுக்கும் நீர் காரணத்தை அறிய உதவும்; ஆயினும் வாரிய அலுவலருக்கு அக்கணமே தகவல் தருவதை அது ஈடு செய்யாது.

பள்ளியில் செய்யத்தக்க சோதனை

ஹங்கேரிய நாட்டு லாயோஸ் விங்க்ளர் 1888-ல் வெளியிட்ட முறையைக் கொண்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் கரைந்த பிராணவாயுவைக் காணலாம். காற்றுக்குமிழி புகாமல் நிரப்பிய புட்டியில் மாங்கனீஸ் சல்பேட்டும், காரங்கலந்த பொட்டாசியம் அயோடைடும் சேர்த்தால் வண்டல் தோன்றும். பிராணவாயு இருந்தால் அது பழுப்பாக இருக்கும். அறவே இல்லாவிடில் வெண்மையாகவே நிற்கும். பின்னர்க் கந்தக அமிலம் சேர்த்து, ஸ்டார்ச்சு துணையுடன் சோடியம் தயோசல்பேட்டால் அளவிடலாம். காரத்தையும் அமிலத்தையும் ஆசிரியரே கையாள வேண்டும். ஊர்க் குளத்து நீரை விடியற்காலை ஒரு முறையும் பிற்பகல் ஒரு முறையும் எடுத்துச் சோதித்தால், மேலே கூறிய ஏற்றத்தாழ்வை மாணவர் கண்ணாரக் காண்பர். அடிச்சேற்றைச் சல்லடையில் அலசி, சிவந்த புழுக்கள் மட்டுமே உள்ளனவா, பலவகைப் பூச்சி இளம்பருவங்களும் உள்ளனவா என்று எண்ணிப் பார்ப்பதும் நல்ல பாடமாகும். வகைகள் குறையக் குறைய நீர் கெட்டுள்ளது என்று கொள்ளலாம்.

மீட்சி உண்டு

கெட்ட ஆறு மீளாது என்று சோர்வடைய வேண்டுவதில்லை. லண்டன் நகரின் ஊடே ஓடும் தேம்ஸ் ஆறு உயிரற்றது என்று 1957-ல் விஞ்ஞானிகளால் கூறப்பட்டது. சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்கள் விரிவாக்கப்பட்ட பின், 1974-ல் அங்கு மீண்டும் சால்மன் மீன் காணப்பட்டது. நம் நாட்டில் கங்கைச் செயல்திட்டம் 1986-ல் தொடங்கப்பட்டது. கான்பூரில் நாள்தோறும் சுமார் 14 கோடி லிட்டர் சாக்கடையைக் கங்கையில் சேர்த்துவந்த சீசாமாவு ஓடை, 2018-ல் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் திருப்பப்பட்டது. ஆனால் அங்ககக் கழிவு நின்றால் ஆறு சில ஆண்டுகளில் தேறும். அடிச்சேற்றில் படிந்த குரோமியம், பாதரசம் போன்ற உலோகங்கள் அவ்வளவு விரைவில் நீங்கா. வெள்ளம் வரும்போதெல்லாம் அவை கிளறப்பட்டு மீண்டும் எழும். ஆகவே வந்தபின் நீக்குவதினும் வருமுன் தடுப்பதே செலவு குறைந்த வழி.

ஆற்றங்கரையில் பணிபுரியும் ஊழியரும், அதன் அருகே பள்ளி நடத்தும் ஆசிரியரும் ஆண்டு முழுவதும் ஒரே துறையில், ஒரே நேரத்தில் உஷ்ணநிலை, பிராணவாயு, பி.எச். எண் ஆகியவற்றை அளந்து ஏட்டில் பதிந்து வருவாராயின், அது பெரும் பொருட்செலவின்றிக் கிடைக்கும் அரிய செல்வமாகும். கேடு நேர்ந்த நாளில் 'முன்பு இந்நீர் எவ்வாறிருந்தது?' என்ற வினாவுக்கு விடை அவ்வேட்டில்தான் இருக்கும்.